ஆர், ஐ, வி: ஆற்றங்கரையில் சில ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வழி பெரும்பாலும் பட்டியல்தான். போட்டித் தேர்வுக் கையேடுகளில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாகப் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும். அவற்றை உருப்போட்டுத் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் சில மாதங்கள் கழித்துக் கேட்டால், பல சொற்கள் நினைவில் இருப்பதில்லை. நினைவில் இருக்கும் சொல்லையும் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுத வருவதில்லை. குறை பிள்ளையுடையது அன்று. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத சொற்களை வரிசையாகக் கொடுத்தால், மனம் எதைப் பிடித்துக்கொண்டு அவற்றை நிறுத்தி வைக்கும்?

வலங்கைமானுக்கு அருகே, குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எட்டாம் வகுப்புப் பையனும் இருப்பான். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும் இருப்பாள். இருவருக்கும் பொருந்தும்படி நான் கைக்கொண்டிருக்கும் முறை எளியது. மூன்று எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதுவேன். அந்த மூன்றும் அதே வரிசையில், இடையில் வேறு எழுத்து நுழையாமல் எந்தெந்தச் சொல்லில் வருகின்றன என்று அவர்கள் தேட வேண்டும். பாடநூல், செய்தித்தாள், கடைப் பலகை, மருந்துச் சீட்டு என்று எதில் தேடினாலும் சரி. தேடிச் சேர்த்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும்: இவற்றுள் எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் உறவு, எவை வெறும் எழுத்து ஒற்றுமை மட்டுமே உள்ளவை என்று பிரிக்க வேண்டும். எழுத்து ஒற்றுமை சொல்லுக்குள் நுழைவதற்கான வாசல். அந்த வாசலிலேயே நின்றுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்த முறைக்கு ஆர், ஐ, வி என்ற மூன்று எழுத்துகளைப் போல நல்ல எடுத்துக்காட்டு டெல்டாப் பிள்ளைகளுக்கு வேறு இல்லை என்பது என் எண்ணம். பிள்ளைகள் தேடினால் ரிவர், ரிவ்யூலெட், ரைவல், அரைவ், டெரைவ், டிரைவ், த்ரைவ், ஸ்ட்ரைவ், பிரைவேட், டிப்ரைவ், பிரிவிலேஜ், டிரிவியல் ஆகியவை வந்து சேரும். கொஞ்சம் பெரிய அகராதியைப் புரட்டுகிறவர்கள் ரிவன், ஷ்ரைவ் என்பவற்றையும் கொண்டுவருவார்கள். தமிழ் எழுத்து முறையில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் முதலில் உறுத்துவது ஒலிதான். அதே மூன்று எழுத்து ‘ரிவர்’ என்பதில் குறுகி ஒலிக்கிறது, ‘ரைவல்’ என்பதில் ‘ரை’ என்று நீள்கிறது. உறவைக் காட்டுவது ஒலியும் அன்று, எழுத்தும் அன்று, சொல் பிறந்த இடம் என்று அப்போதே சொல்லிவிடுவேன்.

முதலில் ‘ரிவர்’. ஆறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லின் அடியில் தண்ணீர் இல்லை, கரைதான் இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘ரீபா’ என்றால் ஆற்றின் கரை. கரையைச் சார்ந்த நிலம் என்ற பொருளில் அதிலிருந்து எழுந்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆற்றுக்கே பெயராகிவிட்டது. தமிழில் ஆறு என்பதற்கு வழி என்ற பொருளும் உண்டு. நாம் தண்ணீர் போகும் தடத்தைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறோம். அவர்கள் அதன் ஓரத்தைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு கரையில் விழித்திருக்கும் ஊர்களில் வளரும் பிள்ளைக்கு, கரை இல்லாமல் ஆறு இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. “அப்ப ஆத்துக்குக் கரைதான் பேரு குடுத்துச்சா, டீச்சர்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆமாம், அதுவேதான்.

‘ரீபா’வில் இருந்த ‘ப’ எப்படி ‘வ’ ஆயிற்று என்று வளர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். லத்தீன் சொற்கள் பிரெஞ்சாக மாறியபோது உயிரெழுத்துகளுக்கு இடையில் நின்ற ‘ப’ பல சொற்களில் ‘வ’ ஆகியிருக்கிறது. சமையல் குறிப்பைச் சொல்லும் ‘ரெசிப்பி’யும் பெற்றுக்கொள்வதைச் சொல்லும் ‘ரிசீவ்’வும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை, ஒன்று லத்தீனிலிருந்து நேராக வந்ததால் ‘ப’ தங்கிவிட்டது, மற்றொன்று பிரெஞ்சு வழியாக வந்ததால் ‘வ’ ஆகிவிட்டது. அப்படியே ‘ரீபா’வுக்கும் நேர் வாரிசு ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுதான் ‘ரிப்பேரியன்’, கரையோரத்துக்கு உரியது என்று பொருள். ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கும் டெல்டாக்காரர் எவரும் இந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது முதல், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது வரை, காவிரி பற்றிய வாதங்கள் எல்லாவற்றிலும் மேல் ரிப்பேரியன் மாநிலம், கீழ் ரிப்பேரியன் மாநிலம் என்ற பேச்சு இருந்துகொண்டே இருந்தது. ‘ரிவர்’ என்ற சொல்லும் ‘ரிப்பேரியன்’ என்ற சொல்லும் ஒரே கரையில் பிறந்தவை என்று தெரிந்த பிள்ளை, அடுத்த முறை அந்தச் செய்தியை அகராதி இல்லாமலே படித்துவிடும்.

அதே கரையில்தான் ‘அரைவ்’ என்ற சொல்லும் ஒதுங்குகிறது. வந்து சேர்தல் என்று இன்று பொருள் சொல்கிறோம். ‘அட் ரீபாம்’, அதாவது கரைக்கு, என்ற லத்தீன் தொடர் அதன் உள்ளே இருக்கிறது. தொடக்க காலத்தில் ஆங்கிலத்தில் அது கப்பலோ படகோ வந்து கரையைத் தொடுவதை மட்டுமே குறித்தது. தரை வழியாக வருகிறவர் ‘அரைவ்’ ஆவது பிற்பாடு ஏற்பட்ட வழக்கு. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். மகளுக்குத் திருமணம் முடித்தவரைப் பற்றி ‘ஒரு வழியாகப் பெண்ணைக் கரை சேர்த்துவிட்டார்’ என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறார்கள். கரை சேர்தல் என்றால் போய்ச் சேர்தல் என்று நம் பேச்சே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இதில் இலக்கணப் பயனும் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் ‘அரைவ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘டு’ போட்டு எழுதுவது மிகுதி. ‘தஞ்சாவூருக்கு’ என்று வரும் நான்காம் வேற்றுமை அப்படி எழுதவைக்கிறது. ஆங்கிலத்தில் அங்கே ‘அட்’ அல்லது ‘இன்’ வர வேண்டும். ‘கரைக்கு’ என்பதில் உள்ள ‘கு’ ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குள் ஒடுங்கியிருக்கிறது, மறுபடியும் ஒரு ‘கு’ எதற்கு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

இப்போது ‘ரிவ்யூலெட்’. சிற்றோடை என்று பொருள். ‘ரிவர்’ தாய், ‘ரிவ்யூலெட்’ குழந்தை என்றே யாரும் நினைப்பார்கள். அப்படி அன்று. ‘ரிவ்யூலெட்’ வந்தது ‘ரீவுஸ்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து. ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். ஆக, மூன்று எழுத்தும் ஒன்றாக இருக்கும் இந்த இரண்டு தண்ணீர்ச் சொற்களில் ஒன்று கரையின் வழி வந்தது, மற்றொன்று வாய்க்காலின் வழி வந்தது. பொருளும் நெருக்கம், எழுத்தும் நெருக்கம், வேர் மட்டும் வேறு. எழுத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வாய்க்காலின் வழி வந்த சொற்களில் நான் அதிக நேரம் செலவிடுவது ‘ரைவல்’ என்பதில். போட்டியாளர், எதிரி என்று கையேடுகள் பொருள் எழுதுகின்றன. உரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு விளக்கம், பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ‘ரிவாலெஸ்’ என்றால் யார் என்று அதில் அவர் சொல்கிறார்: ஒரே வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுபோகிறவர்கள். அப்படிப்பட்டவர்களிடையே தண்ணீரைப் பயன்படுத்துவதில் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதே அந்த இடத்தில் பேசப்படும் சட்டச் சிக்கல். ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் என்ற சொல், போட்டிபோடுகிறவர்கள் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. எதனால் நகர்ந்தது என்பதைக் குறுவைக் காலத்தில் வயலில் நின்று பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும். அப்படித் தண்ணீர் குறைந்த பருவத்தில் முறை வைத்துத்தான் பாசனம். தலைமடைக்கு இத்தனை நாள், கடைமடைக்கு இத்தனை நாள் என்று ஆற்றில் பிரிப்பதைப் போலவே, கிளை வாய்க்காலிலும் இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று ஊரில் பிரித்துக்கொள்வார்கள். மேல் வயல்காரரின் முறை முடியும் நேரத்துக்குக் கீழ் வயல்காரர் மண்வெட்டியும் டார்ச் விளக்குமாக வரப்பில் வந்து நிற்பார். மேல் மடையில் நான்கு வெட்டு மண்ணைப் போட்டு, அதன் மேல் வைக்கோலை வைத்து மிதித்து, கசிவு நின்றதா என்று விளக்கை அடித்துப் பார்ப்பார். பிறகு தன் மடையைத் திறப்பார். கால் மணி நேரம் முன்னதாக அடைத்துவிட்டார் என்று பேச்சு தடிக்கும். அதே இரண்டு பேர், வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் இடுப்பளவு தண்ணீரில் சேர்ந்து இறங்கி அதை இழுத்துப் போடுவார்கள். வாய்க்காலைத் தனியாக எவரும் தூர்வார முடியாது. தனியாக எவரும் அனுபவிக்கவும் முடியாது.

இந்த இரு முகமும் தமிழில் ஒரே சொல்லில் இருக்கிறது. பங்காளி என்றால் பங்குக்கு உரியவர். அண்ணன் தம்பி வழியில் வந்தவர், ஒரே சொத்தில் உரிமை உள்ளவர், நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்க வேண்டியவர். ஆனால் ‘பங்காளிச் சண்டை’ என்றுதான் அந்தச் சொல் காதில் அதிகம் விழுகிறது. ‘ரைவல்’ என்பதற்கு எதிரி என்று எழுதிக்கொள்ளும் பிள்ளையைவிட, பங்காளி என்று எழுதிக்கொள்ளும் பிள்ளை அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பேன். தேர்வில் போட்டியாளர் என்று எழுதட்டும். மனத்தில் பங்காளி என்று இருக்கட்டும். நான் இப்படிச் சொல்வதற்கு ஆங்கிலத்திலேயே ஆதரவு இருக்கிறது. 1600ஆம் ஆண்டையொட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில், இரவுக் காவலுக்கு வரும் பெர்னார்டோ, தன்னோடு காவல் இருக்க வேண்டிய ஹொரேஷியோவையும் மார்செல்லஸையும் தன் காவலின் ‘ரைவல்கள்’ என்று குறிப்பிட்டு, அவர்களைக் கண்டால் விரைந்து வரச் சொல் என்கிறார். அவர்கள் அவருடைய எதிரிகள் அல்லர், கூட்டாளிகள். பங்கு போட்டுக்கொள்பவர் என்ற பொருள் அன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. பிறகு அது வற்றி, போட்டி மட்டும் மிஞ்சியது.

‘டெரைவ்’ அதே ‘ரீவுஸ்’ என்ற வாய்க்காலிலிருந்து வந்தது. முன்னால் உள்ள ‘டி’ என்ற ஒட்டு ‘இலிருந்து’ என்று பொருள்படும். ஓடும் நீரிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பிரித்துக் கொண்டுபோவதே அந்தச் சொல்லின் முதற்பொருள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகும் இடத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திராத டெல்டாப் பிள்ளை அபூர்வம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் வினாத்தாளில் ‘சமன்பாட்டைத் தருவி’ என்று வருகிறதே, அதன் ஆங்கில வடிவத்தில் இருப்பது இந்த ‘டெரைவ்’தான். ஒரு விதியிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கிறார்கள். கணக்கில் வகைக்கெழு என்று படிப்பது ‘டெரிவேட்டிவ்’. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ‘ஃப்ரம்’ வருவதன் காரணம் இப்போது தானாகவே விளங்கும்: எங்கிருந்து பிரித்தாய் என்று சொல்லாமல் வாய்க்கால் வெட்ட முடியாது.

இங்கே நம் வாய்க்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதில்லை. அதனால் வண்டி ஓட்டுவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லையும் நாம் இடையில் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘டிரைவ்’ என்றே சொல்கிறோம். விளைவு, அதுவும் ‘டெரைவ்’வும் நம் உச்சரிப்பில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன, எழுதும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து விழுகிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ‘டெரைவ்’ லத்தீன் வாய்க்கால். ‘டிரைவ்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல், பழைய ஆங்கிலத்திலேயே இருப்பது. டி என்ற எழுத்துக்கும் ஆர் என்ற எழுத்துக்கும் நடுவில் இ என்ற எழுத்து நின்றால் அங்கே ஒரு மதகு இருக்கிறது, நின்று தண்ணீர் பிரிகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எழுத்து இல்லையென்றால் தங்குதடை இல்லாமல் ஓட்டிக்கொண்டு போ.

‘டிரைவ்’ என்றால் முதலில் பின்னாலிருந்து துரத்தி முன்னே செலுத்துவது. ஆடு மாடுகளை அப்படித்தான் ஓட்டினார்கள். மோட்டார் வண்டி வெகுகாலம் கழித்து வந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் பட்டி போடுவார்கள். நுனியில் பிளாஸ்டிக் தாளோ கந்தல் துணியோ கட்டிய நீண்ட மூங்கில் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் கொண்டுபோவார்கள். கம்பு எந்த வாத்தின் மேலும் படாது. இடப்பக்கம் நிழல் ஆடினால் கூட்டம் வலப்பக்கம் வளையும். கம்பைத் தாழ்த்தினால் நிற்கும். இதை நாமும் வாத்து ஓட்டுகிறார் என்றுதான் சொல்கிறோம். பேருந்து ஓட்டுகிறார் என்பதும் அதே வினைதான். ‘டிரைவ்’ என்பதற்கு இத்தனை பொருத்தமான தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கும்போது, ‘இயக்குதல்’, ‘செலுத்துதல்’ என்றெல்லாம் பிள்ளைகள் தேடிப்போக வேண்டியதில்லை.

இத்தகைய பழைய சொற்கள் இன்னொரு அழகையும் வைத்திருக்கின்றன. ‘டிரைவ்’ என்ற வினைக்கு ‘டிரிஃப்ட்’ என்ற பெயர்ச்சொல் உறவு; நீரோ காற்றோ ஓட்டிக்கொண்டு போவது அது, ஆற்றில் ஆகாயத்தாமரை மிதந்து போவதைப் போல. கிழித்தல், பிளத்தல் என்று பொருள்படும் ‘ரைவ்’ என்ற வினை இன்று அரிது. பிளவுண்ட என்ற பொருளில் ‘ரிவன்’ மட்டும் புழங்குகிறது. ஆனால் அதன் உறவான ‘ரிஃப்ட்’ நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. நிலத்தில் விழும் வெடிப்புக்கும் அது பெயர், உறவில் விழும் விரிசலுக்கும் அது பெயர். ‘ஷ்ரைவ்’ என்பது கிறித்தவ வழிபாட்டுச் சொல். குருவானவர் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு அளிப்பதைக் குறிக்கும். அதன் பெயர்ச்சொல் ‘ஷ்ரிஃப்ட்’. இந்தச் சொல் ஆதியில் எழுதுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. என்ன பரிகாரம் என்று எழுதி விதிப்பது என்ற வழியில் இந்தப் பொருள் பிறந்தது. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு நடந்தே போய்வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை நான் சொல்லத் தேவையில்லை, ஆங்கில வடிவத்தை மட்டும் கொடுத்தால் போதும். கொடுத்தலைச் சொல்லும் ‘கிவ்’, கொடுக்கப்பட்டதைச் சொல்லும் ‘கிஃப்ட்’ என்பவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வினையின் முடிவில் உள்ள ‘வ்’ பெயர்ச்சொல்லில் ‘ஃப்ட்’ ஆகும் இந்தப் போக்கு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

வரிசையில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது ‘த்ரைவ்’. தழைத்தல், செழித்தல் என்று பொருள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லின் அடியில் இருப்பது பற்றிக்கொள்ளுதல், தனக்கென்று பிடித்துக்கொள்ளுதல் என்ற கருத்து. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று முதல் சில நாள்கள் வெளிறிப்போய், தலை சாய்ந்து, பிழைக்குமா என்ற ஐயத்தை உண்டாக்கும். பிறகு ஒரு காலையில் குத்துகள் நிமிர்ந்து நிற்கும். இலையின் அடிப்பகுதியிலிருந்து பச்சை ஏறியிருக்கும். அப்போது எங்கள் ஊரில் சொல்வது: “பயிர் புடிச்சுக்கிச்சு.” மண்ணைப் பிடித்துக்கொண்டது, வேர் பிடித்துக்கொண்டது, இனி தழைக்கும். கடல் கடந்த ஒரு வடக்கு நாட்டு மொழி தழைத்தலைப் பிடித்துக்கொள்ளுதல் என்று கண்டதும், நம் நடவு வயலில் அதே காட்சியை அதே வினையால் சொல்வதும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் நடவுக் காலத்தில் மகிழ்ச்சி தரும் செய்தி. ‘த்ரைவ்’ என்பதன் பெயர்ச்சொல் ‘த்ரிஃப்ட்’. முதலில் செழிப்பான நிலை என்று இருந்து, பிறகு அந்த நிலைக்குக் கொண்டுவரும் குணமான சிக்கனம் என்று ஆகிவிட்டது. அரசு ஊழியர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கப் பெயர்ப் பலகையில், தமிழுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருப்பது இந்தச் சொல்தான்.

மீதமுள்ளவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘பிரைவேட்’, ‘டிப்ரைவ்’, ‘பிரிவிலேஜ்’ மூன்றும் தனி என்று பொருள்படும் ‘பிரிவுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தவை. ஆற்றோடு இவற்றுக்குத் தொடர்பு இல்லை. பொதுவிலிருந்து தனியே எடுத்தது ‘பிரைவேட்’. ஒருவரிடமிருந்து பிரித்து எடுத்துவிடுவது ‘டிப்ரைவ்’. யாரிடமிருந்து என்று முதலில் சொல்லி, எதை என்பதை ‘ஆஃப்’ போட்டுச் சொல்ல வேண்டும். ‘பிரிவிலேஜ்’ என்பதன் பின்பாதி சட்டம் என்று பொருள்படுவது. தனியொருவருக்கென்று இயற்றிய சட்டம், அதனால் சலுகை. எழுத்துப் பிழை அதிகம் நேரும் சொல் இது. வி என்ற எழுத்தை அடுத்து ஐ வரும், எல் என்ற எழுத்தை அடுத்துத்தான் இ வரும் என்பதை, சொல்லைத் தனி, சட்டம் என இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் உறுதிசெய்துகொள்ளலாம். ‘டிரிவியல்’ இன்னும் வேடிக்கையானது. மூன்று என்ற சொல்லும் வழி என்ற சொல்லும் சேர்ந்து முச்சந்தி. முச்சந்தியில் எவருக்கும் கிடைக்கும் அற்பச் செய்தி. இந்தச் சொல்லில் ஆர், ஐ இரண்டும் முதற்பாதிக்கு உரியவை, வி மட்டும் பிற்பாதிக்கு உரியது. அவை அடுத்தடுத்து நிற்பது தற்செயல். இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, எழுத்துக் கூட்டம் வேறு, வேர் வேறு என்பதை இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

‘ஸ்ட்ரைவ்’ என்பதற்குக் கையேடுகள் கடுமையாக முயலுதல் என்று எழுதுகின்றன. பழைய பிரெஞ்சில் அது சச்சரவிடுதல். அந்தப் பழம்பொருள் ‘ஸ்ட்ரைஃப்’ என்ற பெயர்ச்சொல்லில் அப்படியே தங்கியிருக்கிறது. தமிழில் போராடு என்ற வினை இரண்டையும் தாங்குகிறது. பகைவனோடும் போராடுகிறோம், படித்து முன்னுக்கு வரவும் போராடுகிறோம்.

இந்தச் சொற்களின் பிறப்பைத் தெரிந்துகொள்வதால் வினைமுற்று எழுதும்போது வரும் பெரிய குழப்பம் ஒன்று தீர்கிறது. ‘டிரைவ்’ இறந்த காலத்தில் ‘டிரோவ்’ ஆகிறது, பிறகு ‘டிரிவன்’ ஆகிறது. ‘அரைவ்’ மட்டும் ஏன் ‘அரோவ்’ ஆவதில்லை? ‘டெரைவ்’, ‘டிப்ரைவ்’ என்பவையும் அப்படி ஆவதில்லை. மூன்றும் இ, டி என்ற இரண்டு எழுத்துகளைக் கடைசியில் ஏற்றுக்கொண்டு அமைதியாக நின்றுவிடுகின்றன. காரணம் பிறப்புதான். ‘டிரைவ்’, எழுதுதலைச் சொல்லும் ‘ரைட்’ போன்றவை ஆங்கிலத்தின் பழைய குடிகள். உயிரெழுத்தை உள்ளேயே மாற்றிக் காலம் காட்டுவது அந்தக் குடியின் வழக்கம். பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய வினைகள் அந்த வழக்கத்தைக் கைக்கொள்ளாமல், வெளியே விகுதி சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே கரைச் சொல்லும் வாய்க்கால் சொல்லும் தனிச் சொல்லும் விகுதி ஏற்கும். ஓட்டும் சொல் உள்ளே மாறும்.

நம் வரிசையில் இதற்கு விலக்கு ‘ஸ்ட்ரைவ்’. பிரெஞ்சு வழி வந்திருந்தும், ஒலி ஒற்றுமையால் ‘டிரைவ்’ கூட்டத்தோடு சேர்ந்து ‘ஸ்ட்ரோவ்’, ‘ஸ்ட்ரிவன்’ என்று மாறப் பழகிக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்து இந்த ஊர் வழக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்ட சொல் இது என்று சொன்னால், பிள்ளைகள் அதைத் தனியாகக் கட்டம் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். ‘த்ரைவ்’ இதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ‘த்ரோவ்’, ‘த்ரிவன்’ என்ற பழைய வடிவங்கள் அகராதியில் இன்னும் இருக்கின்றன. ஆனால் இன்றைய எழுத்தில் பெரும்பாலோர் விகுதி சேர்த்து ‘த்ரைவ்டு’ என்றே எழுதுகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண் எதை எழுதுவது என்று கேட்டாள். விகுதி சேர்த்தே எழுது, பழைய நூல்களில் மற்றது வந்தால் அடையாளம் தெரிந்துகொள் என்று சொன்னேன்.